மார்ச் மாதத்துச் சர்க்கரை

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கண் முகாம் முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிரே வந்த லாரி வாரியடித்த சேறு ஜன்னல் கண்ணாடியில் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. அதன் வழியே பார்த்தால் பாதிச் சாலைதான் தெரிந்தது, மீதி காணாமல் போயிருந்தது. அன்று காலை ஒரு தையல்காரர் எங்கள் டாக்டரிடம் இதையேதான் சொல்லியிருந்தார், பார்க்கிறதில் அங்கங்கே ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது என்று. பத்து வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் டாக்டர் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

சர்க்கரை கண்ணைக் கெடுக்கும் என்று கிராமம் கிராமமாக வாயால் கத்துவதைவிட, இந்தப் பஸ் கண்ணாடியை ஒவ்வொருவர் மூக்கிலும் மாட்டிவிட்டால் என்ன? மதுரையில் நான் வேலை செய்யும் கண் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் பழைய எக்ஸ்ரே பிலிம்களைக் கழுவி வட்டமாக வெட்டினேன். நடுவில் கறுப்பு மை தொட்டு வைத்து, அட்டையில் ஒட்டி, இருபது மூக்குக்கண்ணாடிகள் செய்தேன். சமூகப் பணியில் எம்.ஏ. படித்ததற்கு இதுதான் பலன் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

அந்த இருபதும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிச் சிங்கப்பூருக்குப் பறக்கும் என்று நானே நினைக்கவில்லை. அங்கே தமிழ்க் கத்தோலிக்கர் சிலர் சேர்ந்து, ஊரின் வடகோடியில் இருக்கும் கிராஞ்சிப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சர்க்கரை நோயும் கண்ணும் பற்றிப் பேச எங்கள் டாக்டரை அழைத்திருந்தார்கள். டாக்டருக்கு அறுவைச் சிகிச்சைகள் வரிசையில் நின்றன. "நீ போயிட்டு வா, உனக்குப் பேசச் சொல்லித்தரணுமா?" என்று என்னை அனுப்பிவிட்டார். எண்பத்தைந்தாம் வருடம், ஆகஸ்ட் மாதம்.

விமான நிலையத்தில் ஒரு மலாய் அதிகாரி டின்னைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் மலாயில் ஏதோ சொன்னார். 'இந்தப் பெண் கண்ணாடி விற்க வந்திருக்கிறாள், பாவம், ஒன்றும் தெரியவில்லை' என்று அதற்கு அர்த்தமாம். எங்களைக் கூப்பிட்டவர்களில் ஒருவரான அருள்தாஸ் அண்ணன் வெளியே என்னை அழைத்துப்போக வந்திருந்தார்; காதில் விழுந்தபடி நான் ஒப்பித்த மலாய்க்கு அவர்தான் அர்த்தம் சொல்லி, வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அழைத்துப் போனது லாரியில். அருள்தாஸ் அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. காலையில் கிராஞ்சிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். அங்கிருந்து கீரையும் வெங்காயத்தாளும் ஏற்றிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்கு வருவார். சீன முதலாளியை, அந்த ஊர் வழக்கப்படி, 'தவுக்கே' என்றார். வண்டி முழுக்கக் கீரை வாசம். தெருவில் ஒரு பேப்பர் துண்டு இல்லை, மாடு இல்லை, ஹாரன் இல்லை. எனக்குக் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது.

அவர் வீடு கிளமெண்டியில் ஏழாவது மாடி. லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தில் இறங்கி ஏற வேண்டும், அல்லது ஒன்பதில் இறங்கிக் கீழே நடக்க வேண்டும். அவர் மனைவி பிலோமினா அக்கா பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் விற்பவர். புத்தி சொல்ல நேரம் காலம் பார்க்காதவர். "ஒன்பதுல இறங்கு, கீழ நடக்கறதுதான் சுலபம்" என்றார். எனக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாள் ஞாயிறு. தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டு மூவரும் சிராங்கூன் சாலையில் நடந்தோம். பூக்கடையில் மல்லிகையைக் கிலோ கணக்கில் கொட்டி வைத்திருந்தார்கள். மதுரையில் பார்க்காத சேலையெல்லாம் அங்கே தொங்கிற்று. எங்கு பார்த்தாலும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பூமிக்கு அடியில் ரயில் ஓடப் போகிறதாம். நம் ஊரில் தோண்டிப் போட்டதற்குக் காரணம் கேட்டால் தோண்டியவருக்கே தெரியாது.

தேக்காவில் ஒரு கடையில் உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டோம். அண்ணன் இரண்டு கிளாஸ் டீ குடித்தார். தனக்கும் சர்க்கரை உண்டு, ஆனால் கன்ட்ரோலில் இருக்கிறது, டீயில் சீனியே போடுவதில்லை என்றார். கடைக்காரரும் சாட்சி சொன்னார். நான் டீ போடும் இடத்தை எட்டிப் பார்த்தேன். கிளாஸின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு டின் பால் ஊற்றி, அதன்மேல் டிக்காஷனை விட்டு ஆற்றினார்கள். ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன், பால்கோவா தோற்றது. சீனி போடாத டீ! இதைக் கிராஞ்சியில் பேச வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அண்ணனிடம் சொன்னபோது, அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்து, "அது பாலு லா" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமைதான் கிராஞ்சி. அண்ணன் விடிவதற்கு முன்பே போய்விட்டார். நான் தனியாகப் பஸ் ஏறினேன். நம் ஊர் மாதிரி கண்டக்டர் ஊர் பேரைக் கூவுவார் என்று காத்திருந்தேன். அங்கே கண்டக்டரே இல்லை. ரப்பர் மரங்களும் தென்னைகளும் கோழிப் பண்ணைகளும் வந்தன, போயின. அழகாகத்தான் இருந்தது. திடீரென்று எல்லோரும் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தார்கள். பக்கத்துச் சீட்டுச் சீனக் கிழவியிடம் இது எந்த இடம் என்று சைகையில் கேட்டேன். கிழவி முன்னால் கையைக் காட்டி, "ஜொகூர்" என்றார். இன்னும் ஒரு பாலம் தாண்டினால் மலேசியா. என் பாஸ்போர்ட்டோ கிளமெண்டியில், பிலோமினா அக்காவின் பீரோவில். பிஸ்கட் டின்னைக் கட்டிக்கொண்டு குதிக்காத குறையாக இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன்.

கூட்டம் தகரக் கொட்டகையில். இருபது இருபத்தைந்து பேர். பூட்ஸும் மண்ணுமாக நேராக வேலையிலிருந்து வந்து, எனக்காகக் காத்துக் காத்துக் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு, கண்ணுக்குள் பின்பக்கம் ஒரு திரை இருக்கிறது, சர்க்கரை அதிகமானால் அதிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியும் என்று படம் போட்டுக் காட்டினேன். பிறகு என் பெருமைக்குரிய கண்ணாடிகளைக் கொடுத்தேன்.

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. ஒருவர் கையை நீட்டித் தடவித் தடவிப் போய் முதலாளியின் நாயைக் கும்பிட்டார். கோழிப் பண்ணையில் வேலை செய்யும் முனியாண்டி என்பவர், "மிஸ், இதைப் போட்டா என் பொண்டாட்டி அழகாத் தெரியறா" என்றார். "கழட்டாம வெச்சுக்க, எனக்கும் நிம்மதி" என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அதே அம்மாள்தான் கேட்டார்: "அப்ப இந்த மாதிரி ஓட்டை ஓட்டையாத் தெரியற வரைக்கும் ஒண்ணும் பயமில்ல. அப்படித்தானே மிஸ்?"

ஓட்டை தெரிவதற்கு முன்பே வாருங்கள் என்று சொல்ல வந்தவள், ஓட்டை தெரியும்வரை வீட்டில் இருங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் இருபது கண்ணாடி செய்து, கடல் தாண்டி வந்து. இல்லை இல்லை, நன்றாகத் தெரியும்போதே உள்ளே கெட ஆரம்பிக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார்கள். கண்ணாடியை நினைத்துக்கொண்டுதான் கலைந்து போனார்கள். டின் பால் விஷயம் மட்டும் கொஞ்சம் ஏறிற்று. ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

திரும்பும்போது அண்ணன் லாரி. நான் வாடிப் போயிருந்ததைப் பார்த்து என்னை உற்சாகப்படுத்த நினைத்தார் போலும். கண்ணுக்கு வெயில் படாமல் மடக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கார்டை எடுத்து நீட்டினார். சர்க்கரை வந்த நாளிலிருந்து வருடம் தவறாமல் டாக்டரிடம் போயிருக்கிறார். ரிசல்ட் எல்லாம் அருமை. ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் டாக்டர் ஒரு டிக் போட்டிருந்தார். கண் பரிசோதனைக்கு அனுப்பியதாக ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு நல்ல சர்க்கரைக்கு எதற்கு அனுப்புவார்?

எண்களைப் பார்த்துவிட்டு, சும்மா தேதிகளைப் பார்த்தேன். மார்ச். மார்ச். ஏப்ரல். மார்ச்.

ஏன் அந்த மாதத்திலேயே போகிறார் என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். "தவக்காலம்ல. வருஷத்துக்கு ஒருதரம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம், வருஷத்துக்கு ஒருதரம் டாக்டர். ரெண்டையும் சேத்து முடிச்சிருவேன் லா. உடம்பும் லேசா இருக்கும், மனசும் லேசா இருக்கும்."

சிக்னலில் நின்றபோது தவக்காலத்தில் என்ன சாப்பிடுவார் என்று விசாரித்தேன். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் பீர் கிடையாது. இறைச்சி கிடையாது. பலகாரம் கிடையாது. டீக்குப் பதிலாகப் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் காப்பி, 'கோப்பி ஓ கோசோங்'. ராத்திரிக்கு இரண்டு ரொட்டி. ஈஸ்டர் வந்ததும் எல்லாம் திரும்பி வரும், வட்டியோடு. அப்படியானால் அந்தக் கார்டில் இருப்பது வருடத்தின் சர்க்கரை இல்லை. நாற்பது நாளின் சர்க்கரை. மீதி முந்நூற்றுச் சொச்ச நாட்கள் எந்தக் கார்டிலும் இல்லை.

சொன்னேன். வேகமாகச் சொல்லிவிட்டேன், அது என் வியாதி. அண்ணன் முகம் மாறிற்று. எல்லாம் மார்ச் இல்லையே, ஒரு வருடம் ஏப்ரலில் போயிருக்கிறேனே, அப்போதும் நன்றாகத்தானே இருந்தது என்றார். கார்டைத் திருப்பி அந்த ஏப்ரல் தேதியை மறுபடி பார்த்தேன். அவர் கார்டை வாங்கிப் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணனே பேச்சை எடுத்தார், என்னைக் கேலி செய்கிற தோரணையில். மதுரைப் பொண்ணு என் கார்டைக் குத்தம் சொல்லுது, ஏப்ரலை மறந்துட்டுது என்றார். பிலோமினா அக்கா மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் கடைசியிலதானே வந்துச்சு. ஏப்ரலும் தவக்காலம்தான்."

அண்ணன் கை தட்டிலேயே நின்றது.

"அப்ப நான் டாக்டரை ஏமாத்தறேன்னு சொல்றீங்களா?" என்றார். குரல் கோபமாக இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. உண்மையாக விரதம் இருந்தார், உண்மையாகப் பரிசோதனை செய்துகொண்டார், நல்ல ரிசல்ட்டை நாற்பது நாள் ஒறுத்தலுக்குக் கிடைத்த அருளாக நினைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். நான் போய் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டேன்.

இப்போதே சர்க்கரையும் கண்ணும் பார்த்துவிடலாம் என்று மறுநாளும் அதற்கு மறுநாளும் கேட்டும் அவர் அசையவில்லை. அடுத்த மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உண்மைக் காரணம் புதன்கிழமை சாயங்காலம் வெளியே வந்தது. கண்ணில் ஏதாவது இருக்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும். தவுக்கே வேறு டிரைவரைப் போட்டுவிடுவார். நாற்பத்தெட்டு வயதில் லாரி தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. இதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு ஆயிரம் விளக்கம் தெரியும். பேசியது அக்காதான்.

"காலையில இருபது பேரைப் பின்னாடி ஏத்திட்டுப் போறீங்க. அவங்க கண்ணை மூடித் தூங்கிட்டு வராங்க. உங்க கண்ணை நம்பித்தானே? நாளைக்கு லீவு சொல்லுங்க. நானும் வரேன்."

வியாழக்கிழமை முதலில் சர்க்கரைப் பரிசோதனை. தவக்காலம் இல்லாத, பண்டிகை இல்லாத, சும்மா ஒரு வியாழன். ரிசல்ட் சீட்டை அண்ணன் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ என்கிற மாதிரி. டிக் போட்ட அதே டாக்டர் பழைய கார்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். எதிரே ஒரு மலாய்க்காரர், ஒரு சீக்கியர், இரண்டு சீனக் கிழவர்கள், எல்லோரும் மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடித் தியானத்தில் இருப்பவர்கள் போல் இருந்தார்கள். அக்கா கைப்பைக்குள் ஜெபமாலை உருளும் சத்தம் கேட்டது.

அந்தப் பெஞ்சில்தான் எனக்கு எங்கள் முகாம் ஞாபகம் வந்தது. நர்ஸ் வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சர்க்கரை நோய் உண்டா? உண்டு என்றால் நேராகச் சொட்டு மருந்து. இன்றைக்கு அளவு எவ்வளவு என்று யாரையும் கேட்கவில்லை. எங்கள் முகாமில் அப்படி இல்லை. வாசலில் முதல் மேஜை சிறுநீர்ப் பரிசோதனை. ஸ்பிரிட் விளக்கில் சோதனைக் குழாயைச் சூடாக்கினால் சர்க்கரை இருந்தால் செங்கல் நிறம் வரும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். செங்கல் நிறத்தைக் கண் டாக்டரிடம் அனுப்புவோம். நீலத்தை, "நல்லா இருக்கு, போயிட்டு வாங்க" என்று வீட்டுக்கு அனுப்புவோம். முகாமோ வருடாவருடம் மாசி பிறந்ததும், பழனிக்கு மாலை போட்டவர்கள் விரதம் முடித்துத் திரும்பிய கையோடு, ஊரில் ஆள் கிடைக்கும் என்பதற்காகவே. அந்த முதல் மேஜையில் உட்கார்ந்து நீலம் நீலம் என்று சந்தோஷமாக எழுதுகிறவள் நான்.

அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். கண் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அண்ணனின் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, விளக்கை அடித்து, மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தார். இடது கண்ணுக்கு மறுபடி வந்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல் பதிந்த இடம் சாயங்காலம்வரை சிவந்திருந்தது.

டாக்டர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். இரண்டு கண்ணிலும் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கின்றன. இடது கண்ணில் ஓரிடத்தில் கசிவு, பார்வையின் நடுவிடத்துக்குப் பக்கத்தில், ஆனால் இன்னும் நடுவைத் தொடவில்லை. அதனால்தான் அவருக்கு எதுவும் தெரியவில்லை. லேசர் வைத்து அடைக்கலாம். சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் இதை இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் அக்கா முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டார், லாரி ஓட்டலாமா என்று. இன்று கூடாது, லேசர் செய்த பிறகு சில நாள் கூடாது, அதற்கப்புறம் பரிசோதித்துவிட்டு, இதே பார்வை இருந்தால் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்தோம். கருமணி விரிந்திருந்ததால் வெயில் அவருக்குத் தாங்கவில்லை. அக்காவின் குடையை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பூப்போட்ட குடைக்குள்ளிருந்து சிரிக்க ஆரம்பித்தார். ஏன் சிரிக்கிறார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அக்கா ரோட்டோரத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிக்காம வாங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று அதட்டினார். எனக்கு நான்கு நாளாகச் சரியாக இறங்காத சாப்பாடு அன்று இறங்கிற்று. வாழை இலையில் மூன்று முறை சோறு வாங்கினேன். அண்ணன் ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டு, கடைப் பையனிடம் கோப்பி ஓ கோசோங் சொன்னார். ஆகஸ்டில் அதைக் குடிப்பது இதுதான் முதல் தடவை என்றார். கசப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை மறுபடி கிராஞ்சி, இந்தத் தடவை அண்ணன் பக்கத்தில். பிஸ்கட் டின்னை நான் எடுத்துப் போகவில்லை. படமும் காட்டவில்லை. அண்ணனைப் பேசச் சொன்னேன். அவர் மேடைப் பேச்சுக்காரர் இல்லை. கார்டைக் கையில் தூக்கிப் பிடித்து, "இதுல எல்லாம் நல்லாருக்கு. உள்ள கண்ணுல ரத்தம் கசியுது. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். அவ்வளவுதான். கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. முனியாண்டி தாம் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பதாகவும், அது முடிந்த வாரம்தான் எப்போதும் கிளினிக்குக்குப் போவதாகவும் மெதுவாகச் சொன்னார். அவர் மனைவி அவர் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தார். அன்று ஒன்பது பேர் கண் பரிசோதனைக்குப் பேர் கொடுத்தார்கள். அவர்களை எந்த நாள் லாரியில் ஏற்றிப் போவது என்று அண்ணனும் எங்களை அழைத்திருந்த மற்ற அன்பர்களும் அங்கேயே பேசி முடித்தார்கள். லேசர் முடிந்து அண்ணன் ஓய்வில் இருக்கும் நாட்களில் தவுக்கேயின் தம்பி ஓட்டுவதாக ஏற்பாடு.

விமானத்தில் எங்கள் மதுரை டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். நேரில் சொன்னால் வேகமாகச் சொல்லிவிடுவேன், அதனால் எழுத்தில். முதல் மேஜையை எடுத்துவிட வேண்டும். சர்க்கரை நோய் உண்டு என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும், அன்றைக்கு நிறம் நீலமோ சிவப்போ, கண்ணுக்குச் சொட்டு மருந்து. முகாமைத் தீபாவளி முடிந்த வாரத்துக்கு மாற்ற வேண்டும், பலகாரம் சாப்பிட்ட வாயோடு வாருங்கள் என்று தமுக்கடித்துச் சொல்லி.

ஆனால் அதற்குத் தீபாவளிவரை காத்திருக்க வேண்டும். முகாம் நோட்டில் என் கையெழுத்தில், மாசி மாதத்து வரிசையில், நீலம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்களின் பெயரும் ஊரும் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு முதல் பஸ் ஏறுகிறேன். நல்லா இருக்கு என்று நான்தான் சொன்னேன். நானே போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.